சாவி நம் கையில் இருக்கட்டும்!

"கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பெட்டகத்தைச் சொந்தச் சேவையகத்தில் வைப்பதா? மலைநாட்டாருக்கு ஏன் இந்த வீண்வேலை? பெரிய கம்பனியிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கலாமே!" என்கின்றனர் சிலர். உறங்கியோர் கண்டதென்ன? 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தினுள் புகுந்த கள்வர், வாடிக்கையாளரின் பெட்டகப் பிரதிகளையே வாரிச் சென்றனர். கடவுச்சொற்கள் மறைகுறியில் இருந்தன. அவை எந்தெந்தத் தளங்களுக்குரியவை என்பதோ திறந்தே கிடந்தது!

பிறர் கையில் நம் சீட்டு இருப்பதன் துயரை மலையகம் அறியும். 1921இல் ஒழிக்கப்படும்வரை, கடனைக் குறித்த 'துண்டு' இன்றித் தொழிலாளி தோட்டம் மாற முடிந்ததா? இன்று நுவரெலியா மரக்கறிச் செய்கையாளரின் வங்கிக் கணக்கும், அட்டன் தொழிற்சங்கத்தின் அங்கத்தவர் பதிவேடும் கடவுச்சொல்லுக்குள் அடங்கியுள்ளன. அந்தச் சாவியையும் அயலானிடம் நீட்டுவதா?

வால்ட்வார்டன் என்னும் இலவச மென்பொருளைச் சிறு கணினியொன்றிலேயே நிறுவலாம். கடவுச்சொல் நம் கருவியிலேயே மறைகுறியாகிப் பின்னரே சேவையகத்தை அடைகிறது. தனியொருவருக்குப் பாரமெனில் சங்கமும் கூட்டுறவும் ஏற்று நடத்தட்டும்.

ஆனால், சொந்தமென்று சோம்பியிருத்தல் தகாது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகச் சேவையகமே தாக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீளவில்லை. வெளியே தனித்து வைத்த பிரதி இல்லாததே காரணம். ஆகவே பிரதியொன்று அட்டனில், மற்றொன்று நுவரெலியாவில் இருக்கட்டும்; அவற்றை அவ்வப்போது மீட்டும் பார்ப்போம்.

உரிமை கேட்போர் காவலையும் ஏற்க வேண்டும். விழித்திருப்போம், சாவியை விட்டுக்கொடோம்!