வானக் கருவூலத்தின் வாசலில்

"கேட்டால் கொடுப்பார்களா?" என்னும் ஐயம், கேட்பதற்கு முன்பே பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்று, விண்மீன்களைப் பற்றி ஆராய விழையும் பிள்ளைகள் நம் இல்லங்களிலும் இருக்கிறார்கள். "பெரிய தொலைநோக்கிகள் அயல்நாடுகளில் உள்ளன, அவை திரட்டிய விவரங்களும் அயலார் பெட்டகத்திலேயே உள்ளன, நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது?" என்று அவர்கள் சோர்ந்துவிடுவதுண்டு. அச்சோர்வில் பாதி அறியாமை, பாதி உண்மை. இரண்டையும் பிரித்தறிந்தால் வழி புலப்படும்.

இன்றைய வானியலாளர் பெரும்பாலோர் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்ப்பதில்லை. கருவி இரவு முழுவதும் வானத்தைப் பகுதி பகுதியாகப் படம் பிடிக்கிறது. அப்படங்களிலுள்ள ஒவ்வொரு விண்மீனின் இடத்தையும் ஒளியையும் நிறத்தையும் கணிப்பொறி அளந்து பட்டியலிடுகிறது. இதுவே வான் அளவாய்வு. ஆராய்ச்சியாளர் அப்பட்டியலை வைத்துக்கொண்டுதான் தம் கேள்விக்கு விடை தேடுகிறார். ஆகவே, தொலைநோக்கி யாருடையது என்பதைக் காட்டிலும், பட்டியலைப் பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே முதன்மையான கேள்வி.

முதலில் திறந்த வாசல்களைப் பார்ப்போம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 டிசம்பரில் 'கையா' என்னும் விண்கலத்தை ஏவியது. 2025 ஜனவரி வரை அது வானத்தை அளந்தது. 2022 ஜூன் 13 அன்று வெளியான அதன் மூன்றாம் தொகுப்பில் ஏறத்தாழ 180 கோடி விண்பொருள்களின் விவரங்கள் உள்ளன. இதில் எவருக்கும் தனியான முன்னுரிமைக் காலம் ஒதுக்கப்படவில்லை. வெளியான நாளிலேயே பேராசிரியருக்கும் பள்ளி மாணவருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்தது. விண்ணப்பம் வேண்டாம், கட்டணம் இல்லை. பயன்படுத்தியவர் தம் கட்டுரையில் நன்றியுடன் அதனைக் குறிப்பிட வேண்டும், அவ்வளவே.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், 2.5 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 2000ஆம் ஆண்டு தொடங்கிய 'ஸ்லோன்' அளவாய்வின் முறை சற்று வேறு. பொருளுதவி செய்த நிறுவனங்களின் ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பார்கள். பின்னர் தொகுப்புத் தொகுப்பாக உலகோர் அனைவருக்கும் திறந்து விடப்படும்.

அவ்வாறு திறந்ததன் பயனை ஒரு பள்ளி ஆசிரியை மெய்ப்பித்தார். ஸ்லோன் படங்களிலுள்ள ஒன்பது இலட்சம் விண்மீன் மண்டலங்களைப் பொதுமக்களே பார்த்து வகைப்படுத்தும் திட்டமொன்று 2007 ஜூலையில் தொடங்கப்பட்டது. அதில் பங்கேற்ற நெதர்லாந்து ஆசிரியை ஹேனி வான் ஆர்க்கெல், ஒரு மண்டலத்தின் அருகே விளங்காத நிறத்திட்டு ஒன்றைக் கண்டு, "இது என்ன?" என்று கேட்டார். அறிஞர்களிடமும் விடை இல்லை. பெரும் வாயு மேகம் ஒன்று அருகிலுள்ள மண்டலத்தின் மையத்திலிருந்து முன்பு வீசிய ஒளியால் ஒளிர்கிறது என்பது பின்னர் தெரிந்தது. அப்பொருள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வாசல் பூட்டியிருந்தால் அக்கேள்வியே பிறந்திராது.

இனி, விண்ணப்பித்து நுழைய வேண்டிய வாசல். சிலி நாட்டின் செரோ பச்சோன் மலைமீது 8.4 மீட்டர் ஆடியுடன் வேரா ரூபின் வானாய்வகம் எழுந்துள்ளது. அதன் முதல் படங்கள் 2025 ஜூன் 23 அன்று வெளியாயின. ஓர் இரவில் ஏறத்தாழ 20 டெராபைட் விவரங்களைத் திரட்டி, பத்தாண்டுகள் தென்வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடிப்பதே அதன் திட்டம். செலவை ஏற்ற அமெரிக்காவின் ஆய்வாளர்களுக்கும், மலையைத் தந்த சிலியின் ஆய்வாளர்களுக்கும் அவ்விவரங்களில் உரிமை உண்டு. மற்ற நாட்டவர் மென்பொருள், கணிப்பொறி வசதி, தம் தொலைநோக்கியின் நேரம் போன்றவற்றை ஈடாக வழங்கி உரிமை பெறலாம். அப்போதும் நாட்டிலுள்ள அனைவருக்கும் அது கிடைப்பதில்லை. ஒப்பந்தத்தில் பெயர் குறிக்கப்பட்ட ஆய்வாளருக்கும், அவருடன் பணிபுரியும் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்குமே கிடைக்கும். ஒவ்வொரு தொகுப்பும் இரண்டாண்டுகள் இவ்வாறு காக்கப்பட்டு, பின்னர் பொதுவாகும். வானில் ஏதேனும் மாறியது என்னும் உடனடி அறிவிப்புகள் மட்டும் தொடக்கத்திலிருந்தே அனைவருக்கும் உரியவை.

உழைத்தவனுக்கு முதல் விளைச்சலில் பங்கு தருவது நியாயமே. ஆயினும் இரண்டாண்டு என்பது இளம் ஆய்வாளருக்குச் சிறிய காலமன்று. முனைவர் பட்டக் காலத்தில் பாதி அதிலேயே கரைந்துவிடக் கூடும். உரிமையுள்ளவர் முதற்கனியைப் பறித்துச் சென்ற பின்னர், உதிர்ந்ததைப் பொறுக்கும் நிலை மற்றவர்க்கு வரலாம். இக்குறையை மறைக்க வேண்டியதில்லை.

அந்த வானாய்வகம் தாங்கிய பெயரே இதற்குச் சான்று கூறுகிறது. 1948இல் பட்டம் பெற்ற வேரா ரூபின், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வானியல் மேற்படிப்புக்குரிய விவர நூலைக் கேட்டு எழுதினார். அத்துறை பெண்களைச் சேர்ப்பதில்லை என்ற விடையே கிடைத்தது. 1975 வரை அந்நிலை நீடித்தது. அவர் வேறு வாசல்களைத் தட்டினார். 1965இல் பலோமர் தொலைநோக்கியில் ஆய்வு செய்ய முறையான அனுமதி பெற்ற முதல் பெண்மணியானார். மண்டலங்களின் சுழற்சியை அளந்து, கண்ணுக்குப் புலப்படாத பருப்பொருள் உண்டு என்பதற்கு வலுவான சான்று தந்தார். வாசலில் நிறுத்தப்பட்டவரின் பெயர் இன்று வாசலின் மேலேயே பொறிக்கப்பட்டுள்ளது!

விண்ணப்பிப்போர் மனத்திற்கொள்ள வேண்டியவை சில. எந்த விவரம் வேண்டும், எந்தக் கேள்விக்காக வேண்டும் என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லத் தெரிய வேண்டும். அதே விவரம் பொதுத் தொகுப்பில் முன்னரே உள்ளதா என்று பார்க்க வேண்டும். கல்வி நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்தே எழுத வேண்டும். நெறியாளர் யார் என்பதையும் குறிப்பிட வேண்டும். உரிமையுள்ள குழு ஒன்றின் பணியில் உண்மையாகவே தோள் கொடுக்க இயலுமானால், அதனைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். இல்லாத பதவியை இருப்பதாக எழுதுவதும், பெற்ற கடவுச்சொல்லை நண்பரிடம் கொடுப்பதும் கூடவே கூடாது. அது நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஒருவர் செய்யும் மோசடி, அவருக்குப்பின் அதே நிறுவனத்திலிருந்து கேட்போர் அனைவரையும் ஐயத்திற்கு உள்ளாக்கும்.

விவரங்களைப் பகிர்வதால் பெறுவோருக்கு மட்டுமா நன்மை? சமர்க்கந்தில் உலூக் பேக் அமைத்த வானாய்வகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்கள் பட்டியலிடப்பட்டன. 1449இல் அவர் கொல்லப்பட்டார், வானாய்வகமும் அழிந்தது. ஆயினும் பட்டியல் அழியவில்லை. அவருடன் பணியாற்றிய அலீ குஷ்ஜி பின்னாளில் இஸ்தான்புல் சென்று மதரஸாவில் கற்பித்தார். பட்டியலும் படியெடுக்கப்பட்டு நாடு விட்டு நாடு சென்று, 1665இல் ஆக்ஸ்போர்டில் அச்சேறியது. கட்டடத்தைக் காக்க முடியாத காலத்தில், பலர் கையிலிருந்த படிகளே அறிவைக் காத்தன. இன்று விவரங்களைப் பூட்டி வைப்போரும் திறந்து விடுவோரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகனோ மகளோ விண்ணைப் பற்றிப் பேசும்போது, "அதெல்லாம் நமக்கு எட்டாது" என்று சொல்லிவிடாதீர்கள். 180 கோடி விண்பொருள்களின் பட்டியல் இன்றிரவே திறந்து கிடக்கிறது. அதில் பயிற்சி பெறட்டும். பூட்டிய வாசலைத் தட்டும் நாள் வரும்போது, என்ன கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.