புத்தகத்தை மாற்றும் முன் பிள்ளையின் வாசிப்பைக் கேளுங்கள்

டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிக்கல் உள்ள பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர் சந்தித்துக்கொண்டால் முதலில் வரும் கேள்வி, "நீங்க எந்த ஃபோனிக்ஸ் வச்சிருக்கீங்க?" என்பதுதான். எழுத்தை ஒலியோடு சேர்த்து வாசிக்கக் கற்பிக்கும் ஃபோனிக்ஸ் திட்டத்தைத்தான் சொல்கிறார்கள். நான்காம் வகுப்போடு என் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதிலிருந்து என்னிடமும் கேட்கிறார்கள். எதை விட்டேன், எதற்கு மாறினேன், எவ்வளவு ஆயிற்று என்றெல்லாம். அவள் எந்த ஒலியில் தடுமாறினாள் என்று மட்டும் கேட்பதில்லை. திட்டத்தை மாற்றலாமா கூடாதா என்பது அதற்குள்தான் இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துமுறைப்படி வாசிக்கக்கூடிய, ஆனால் பொருளே இல்லாத சொற்களை அட்டையில் எழுதிக் காட்டுங்கள். என் மகள் 'ஃபிம்' என்பதை 'ஃபிலிம்' என்றாள். 'ஃப்ரெல்' என்பதைப் பார்த்ததும் கொஞ்சமும் தயங்காமல் 'ஃப்ரெண்ட்' என்றாள். முதல் சில எழுத்துகளைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துக்கொள்கிறாள். கதைப்புத்தகத்தில் படமும் கதைப்போக்கும் கைகொடுப்பதால் அந்த ஊகம் வாசிப்பு போலவே நம் காதில் விழும். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 2012 முதல் நடத்தும் ஃபோனிக்ஸ் சோதனையில் 40 சொற்கள். அவற்றில் 20 இப்படிப் பொருளற்றவைதான்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தோசை வார்க்கும் 'பேன்', எழுதும் 'பென்', குத்தும் 'பின்' என்ற மூன்றில், முதல் சொல்லின் நடுவிலுள்ள உயிரொலி தமிழில் இல்லை. ஏகாரமாக நீட்டியோ எகரமாகக் குறுக்கியோ சமாளிக்கிறோம். மற்றப் பிள்ளைகள் போகப்போகப் பிடித்துக்கொள்வார்கள். சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கேட்பதே பாடாக இருக்கும் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. பிரிட்டிஷ் திட்டத்திலிருந்து அமெரிக்கத் திட்டத்துக்கு மாறினால் குழப்பம் இன்னும் கூடும். சூடு என்று பொருள்படும் 'ஹாட்' என்ற சொல், முன்னதன் ஒலிப்பதிவில் ஒகரத்தை ஒட்டியும் பின்னதில் கிட்டத்தட்ட ஆகாரமாகவும் கேட்கும். நான் ஒலிப்பதிவை அணைத்துவிட்டு எங்கள் வீட்டு உச்சரிப்பையே வைத்துக்கொண்டேன்.

முதலில் எங்களிடம் இருந்தது நல்ல திட்டம்தான். ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் பாட்டும் சைகையுமாகச் சேர்ந்து கற்க ஏற்றது, வேகமாக நகர்வது. என் மகளுக்கு வேண்டியது நிதானமும், அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்வதும். நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் உளவியலாளர் ஆனா கில்லிங்ஹாமும் 1930களில் அமெரிக்காவில் உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது. கண், காது, கை மூன்றுக்கும் வேலை கொடுக்கும். ஒரு படி உறுதிப்படாமல் அடுத்ததற்குப் போகாது. அதன் வழியில் வந்த பார்ட்டன் திட்டத்துக்கு மாறினோம். பத்து நிலைகள். தொடங்கும் முன் பிள்ளைக்கு ஒரு சோதனை, சொல்லிக்கொடுப்பவருக்கும் ஒரு சோதனை. முதல் நிலையில் எழுத்தே கிடையாது, வண்ணச் சில்லுகள் மட்டும். ஒரு ஒலிக்கு ஒரு சில்லு. நான் 'மிப்' என்றால் மூன்று சில்லுகளை இழுத்துவைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு ம், இ, ப் என்பாள். இதை 'மெப்' ஆக்கு என்றால் விரல் முதல் சில்லுக்கும் நடுச்சில்லுக்கும் இடையே அலைந்து நிற்கும். ரிப்போர்ட் கார்டில் ஆண்டுதோறும் 'கவனக்குறைவு' என்று எழுதப்பட்டது எதுவென்பதை அந்த விரலில்தான் கண்டேன்.

"ஏம்மா, பத்து வயசுப் பிள்ளைக்கு எழுத்தே இல்லாத பாடமா?" என்று என் மாமியார் கேட்டார். அவர் கவலை நியாயமானது. பழைய திட்டத்தில் மூன்று புத்தகம் முடித்த பிள்ளையைப் புதியதிலும் மூன்றாவதில் சேர்த்துவிடத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் புள்ளி ஒன்று விட்டுப்போன கோலத்தில் மேற்கொண்டு எந்த இழையை இழுத்தாலும் சேராது. வயதையும் வகுப்பையும் பார்க்காமல் அடியிலிருந்து தொடங்கத் துணிவில்லையென்றால் திட்டத்தை மாற்றவே வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு ஒன்றாகத் தாவுவதும் உதவாது. ஒவ்வொரு திட்டமும் ஒலிகளை அறிமுகப்படுத்தும் வரிசை வேறு, விதிகளுக்கு வைத்திருக்கும் பெயர் வேறு. பாதி பழகியதை மறந்து பிள்ளை மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் தந்த அறிக்கை, ஒழுங்கான வரிசையில் வெளிப்படையாகக் கற்பிக்கும் ஃபோனிக்ஸ் பலன் தருகிறது என்றது. அப்படிப்பட்ட திட்டங்களில் ஒரு வகை இன்னொன்றைவிட உயர்ந்தது என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் அதில் தென்படவில்லை. ஆகவே எது சிறந்தது என்ற வாக்குவாதத்தில் பொழுதைக் கழிக்காமல், உங்கள் பிள்ளையின் வேகத்துக்கு இறங்கி வருவது எது என்று பாருங்கள்.

பாடம் பின்தங்கிவிடுமே என்ற பயம் வேண்டாம். அறிவியலையும் வரலாற்றையும் நான் வாசித்துக் காட்டுகிறேன், அவள் வாயால் பதில் சொல்கிறாள். தேசிய திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். அதுவரை நேரம் இருக்கிறது. இப்போது நீளமான சொற்களை அசை அசையாக உடைத்து வாசிக்கிறாள். மெதுவாகத்தான். ஆனால் ஊகிப்பதில்லை.

எனக்கு உறுத்துவது செலவுதான். டாலரில் விலை வைத்த பெட்டியைப் பிரித்துப் பார்க்காமலே வாங்குகிறோம். ஒத்துவரவில்லை என்று தெரிந்தாலும் கொடுத்த பணத்துக்காகப் பிள்ளையை அதிலேயே கட்டிப்போடுகிறோம். இதற்கு நம் நூலகங்கள் கைகொடுக்கலாம். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டும் மாநிலம் தமிழ்நாடு. மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று பெரிய பிரிவே இருக்கிறது. அங்கும் மாவட்ட மைய நூலகங்களிலும் இந்தத் திட்டங்களின் முதல் நிலைப் பெட்டிகளையும், கற்ற ஒலிகளை மட்டுமே கொண்டு எழுதிய சிறு கதைநூல்களையும் வாங்கி வைக்க வேண்டும். பெற்றோர் ஒரு மாதம் இரவல் எடுத்துப்போய்ப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிறகு எதை வாங்குவதென்று முடிவு செய்யட்டும்.