பயந்த பிள்ளையைப் பொத்திப் பொத்தி முடக்காதீர்கள்



போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் என் வயதுக்காரர் ஒருவர் கேட்டார். "அண்ணாச்சி, உங்க பேரன் இன்னும் அப்படித்தானா? பேசாம சீக்கிரமா ஒரு கல்யாணத்த முடிச்சு வைங்க, எல்லாம் சரியாப் போயிடும்." பந்தியில் இருந்ததால் சும்மா இருந்துவிட்டேன். இங்கே சொல்லிவிடுகிறேன். பேரனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

மருமகனுக்குத் திருப்பூரில் வேலை. மகளும் பேரனும் எங்களோடு ராஜபாளையத்தில். கொரோனாவுக்குப் பிறகு, 2021 செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். ஒரு மாதம் போனான். பிறகு காலையில் சீருடை போட்டதும் வாந்தி. வயிற்று வலி. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது என்பான். ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றதும் "அப்போ நடிக்கிறான்" என்றார்கள் சொந்தக்காரர்கள். பள்ளிக்கூடத்தில் மார்க்கைக் காட்டி டிசி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வேப்பிலை அடித்தோம், கயிறு கட்டினோம். ஒரு சித்தப்பா பெல்ட்டைக் கழற்றினார்.

இவர்கள் எல்லோர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது அல்ல. என்னைப் பற்றியது, என்னைப் போலப் பாசக்காரர்களைப் பற்றியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பஸ்ஸில் போகப் பயமா, நான் மொபெட்டில் கொண்டு போய் விடுகிறேன். கடைக்காரரிடம் பேசப் பயமா, நான் வாங்கி வருகிறேன். போன் மணி அடித்தால் பயமா, நான் எடுக்கிறேன். விருந்தாளி வந்தால் அவன் அறைக்கே சாப்பாடு போகும். அவன் ஆச்சி ஊட்டிவிடாத குறைதான். ஒவ்வொரு முறையும் அவன் முகம் தெளியும், நமக்கும் நிம்மதி. ஒரே வருடத்தில் என் பேரனின் உலகம் எட்டுக்குப் பத்து அறையாகச் சுருங்கிவிட்டது. சுருக்கியதில் பெரிய பங்கு எனக்கு.

இதை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு கவுன்சிலர். 2022 கடைசியில் மகள்தான் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தாள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, அந்த வருடம் அக்டோபர் 10 அன்று தொடங்கியது. இலவசம், இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அங்கே சொன்ன பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனோம், அவர் கவுன்சிலரிடம் அனுப்பினார்.

அவர் சொன்னது இதுதான். பயந்த இடத்தை விட்டு விலகினால் பயம் உடனே இறங்கும். அந்தச் சுகத்தை மூளை பிடித்துக்கொள்ளும். "விலகினேன், பிழைத்தேன்" என்று படித்துக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பயப்படும். விலக உதவுகிற ஒவ்வொருவரும் பயத்துக்குச் சோறு போடுகிறவர்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் 124 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து, 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு நேரடியாகச் சிகிச்சை. மறு பாதியில் பிள்ளையைத் தொடவே இல்லை, பெற்றோருக்கு மட்டும் பயிற்சி: பொத்திப் பாதுகாப்பதை எப்படிக் குறைப்பது, பிள்ளையை எப்படி நம்புவது என்று. இரண்டிலும் பலன் ஏறக்குறைய சமம். அதாவது திருந்த வேண்டியவர்களில் நாமும் உண்டு.

"அப்படியானால் தண்ணீரில் தூக்கிப் போட்டால் நீந்திவிடுவான்" என்று கிளம்பாதீர்கள். அது பெல்ட் சித்தப்பாவின் வழி. நான் 34 வருடம் பஞ்சாலையில் இருந்தவன். ஸ்பின்னிங்கில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முதல் நாளே முழு ஃபிரேமையும் கொடுப்போமா? கொஞ்சம் கதிர்களைக் கொடுத்து, அறுந்த இழையை ஒட்டச் சொல்லிக் கூடவே நிற்போம். கை பழகப் பழகக் கதிர் கூடும். அவள் கை நடுங்குகிறதே என்று மேஸ்திரியே இழையை ஒட்டிக்கொண்டிருந்தால் அவள் என்றைக்குத் தொழில் பழகுவாள்? இதை ஆலையில் அறிந்த எனக்கு வீட்டில் தெரியாமல் போயிற்று.

எங்கள் ஃபிரேம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். சுமார் 12 கிலோமீட்டர். முதல் வாரம் பஸ் ஸ்டாண்டில் இருபது நிமிடம் நின்றுவிட்டுத் திரும்புவது மட்டும். பிறகு என்னோடு பயணம். பிறகு அவன் முன் சீட்டு, நான் கடைசி சீட்டு. பிறகு அவன் ஒரு பஸ், நான் அடுத்த பஸ். கடைசியில் அவன் தனியாகப் போய், கால் கிலோ பால்கோவா கேட்டு வாங்கி வர வேண்டும்.

தனியாகப் போன மூன்றாவது முறை, பாதி வழியில் இறங்கிவிட்டான். போன் வந்தது. "தாத்தா, மூச்சு முட்டுது, வந்து கூட்டிட்டுப் போங்க." என் கை வண்டிச் சாவியில் இருந்தது. மகள் வாசலில் நின்று அழுகிறாள். நான் போகவில்லை. "இது பயம்தான்யா, இறங்கிடும். நான் போன்லயே இருக்கேன்" என்றேன். மரத்தடியில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தான். பிறகு அடுத்த பஸ்ஸில் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போனான். மகள் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த கஷ்டமான வேலை, அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான்.

மாத்திரையும் சில காலம் சாப்பிட்டான். "அடிமையாகிவிடுவான்" என்று பயமுறுத்துகிறவர்களுக்கு: மனநல மாத்திரை எல்லாமே அடிமையாக்கும் என்பது பொய். பழக்கமாகக்கூடிய வகைகளைக் கொஞ்ச நாளுக்கு மட்டும்தான் டாக்டர் எழுதுவார். எதையும் அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். "ஊருக்குத் தெரிந்தால் கேவலம்" என்பவர்களுக்கு: பக்கத்து மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியோடு எரிந்து போன 28 பேரை மறந்துவிட்டீர்களா? அவர்கள் நோய் வேறு, என் பேரன் பிரச்சினை வேறு. மறைக்கச் சொல்லும் வெட்கம் ஒன்றுதான். 2017இல் வந்த மனநலச் சட்டம், மனநலச் சிகிச்சை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. உரிமையைக் கேட்டு வாங்க வெட்கம் எதற்கு?

இப்போது பேரனுக்குப் பத்தொன்பது முடியப் போகிறது. பயம் போய்விட்டதா என்றால், இல்லை. இன்னும் உள்ளங்கை வேர்க்கும். வேர்த்த கையோடு டிக்கெட் எடுக்கிறான், வங்கியில் படிவம் நிரப்புகிறான், மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். இரண்டு முறை திரும்பி வந்தான், மூன்றாவது முறை தங்கினான். எங்கள் சின்ன வயதில் ஆண்டாள் தேர் நிலைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். வழியில் நின்றதே என்று யாரும் வடத்தை அறுத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை.

எனக்கு எழுபத்தொன்று. நான் இருக்கும்வரை கொண்டு போய் விடலாம். அதற்குப் பிறகு? இந்த ஒரு கேள்வியைத் தாத்தா பாட்டிகள் எல்லோரும் இன்று இரவு யோசித்துப் பாருங்கள்.

கல்யாண யோசனை சொன்ன நண்பருக்கு: அவன் கல்யாணத்தை அவன் பார்த்துக்கொள்வான். பத்திரிகை வைக்க உங்கள் வீட்டுக்கும் அவனே வருவான், பஸ்ஸில்.