சந்திரனில் அந்தி இல்லை

பௌர்ணமி இரவில் மொட்டை மாடியில் அமர்ந்து, கலந்த சாதம் உண்டு, நிலாவைப் பார்த்துக் களிக்காத குடும்பம் நம்மிடையே அபூர்வம். அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துவதற்கும் அந்தச் சந்திரனைத்தான் துணைக்கு அழைக்கிறோம். அப்படியிருக்க, சந்திரனைப் பார்ப்பதற்குப் பௌர்ணமியைப் போல் மோசமான நாள் வேறொன்றில்லை என்று நாம் சொன்னால் நேயர்கள் கோபங்கொள்ளக்கூடும். என்ன செய்வது? அதுதான் உண்மை. அதை நாம் புத்தகத்தில் படித்து அறியவில்லை. பிள்ளைகள் முன்னிலையில் வெட்கப்பட்டு அறிந்தோம்.

சில வருஷங்களுக்கு முன், நமது வகுப்பு மாணாக்கர்களுக்குச் சந்திர மண்டலத்து மலைகளைக் காட்டவேண்டுமென்ற ஆசை நமக்கு உண்டாயிற்று. நண்பர் ஒருவரிடம் சிறிய தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கினோம். பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பௌர்ணமியையே முகூர்த்தமாகக் குறித்தோம். மலை தெரியும், மடு தெரியும் என்று ஒரு வாரமாகப் பறைசாற்றி வைத்தோம். அன்று இரவு முப்பது பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முதலில் பார்த்த பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வெள்ளித் தாம்பாளம் மாதிரி இருக்கிறது, ஸார்! மலை எங்கே?" என்று கேட்டான். நாமும் குனிந்து பார்த்தோம். சில கரிய திட்டுகளும் கண்கூச்சமுமே மிச்சம்; மலையைக் காணோம்! சர்வகலாசாலைப் பட்டம் அன்று நமக்குச் சிறிதும் கைகொடுக்கவில்லை.

காரணம் மிகவும் எளிது. உழுத வயலை உச்சிப்பொழுதில் பாருங்கள். தரை ஒரே சமமாகத் தோன்றும். வெயில் சாய்ந்தபின் அதே வயலைப் பாருங்கள். ஒவ்வொரு மண்கட்டியும் தன் நிழலை நீட்டிக்கொண்டு, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லும். மேடு பள்ளத்தை நமக்குக் காட்டுவது வெளிச்சம் மட்டுமன்று, நிழலுந்தான். பௌர்ணமியன்று சூரியன் நம் முதுகுப்புறத்தில் இருக்கிறான். சந்திரனிலுள்ள நிழல்களெல்லாம் அவற்றை உண்டாக்கும் மலைகளுக்குப் பின்னாலேயே மறைந்துவிடுகின்றன.

ஆகவே, சந்திரனைப் பார்க்க விரும்புகிறவர்கள் வெயில் சாய்ந்திருக்கும் இடத்தைத் தேடவேண்டும். அந்த இடம் எது? சந்திரனின் ஒளிபெற்ற பாகமும் இருண்ட பாகமும் சந்திக்கும் கோடுதான் அது. வான சாஸ்திரிகள் அதற்கு 'டெர்மினேட்டர்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். நாம் எல்லைக்கோடு என்போம். வளர்பிறையில் நாம் காணும் எல்லைக்கோடு சூரியோதயக் கோடு. அதன்மேல் நிற்பவனுக்கு அப்போதுதான் பொழுது விடிகிறது. தேய்பிறையில் காண்பது அஸ்தமனக் கோடு.

இந்தக் கோட்டைப் பூமியின் நிழல் என்று எண்ணுகிறவர்கள் இன்றும் பலர். படித்தவர்களும் அவர்களில் உண்டு. பூமியின் நிழல் சந்திரனில் விழுவது கிரகணத்தின்போது மட்டுமே. வளர்பிறை அஷ்டமியன்று மாலையில் சூரியன் மேற்கே மறையும்போது சந்திரன் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். பூமியின் நிழலோ சூரியனுக்கு நேர் எதிராகக் கிழக்கே நீண்டிருக்கும். அதற்கும் உச்சியிலுள்ள சந்திரனுக்கும் என்ன சம்பந்தம்? நாம் காண்பது சந்திரனுடைய சொந்த இரவு, நம்முடைய நிழலன்று.

எல்லைக்கோட்டின் அருமையை உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்னவர் கலிலியோ. 1609-ஆம் வருஷத்துக் கடைசி மாதங்களில், இத்தாலியிலுள்ள பாதுவா நகரில், தாமே செய்த தூரதிருஷ்டிக் கண்ணாடியால் அவர் சந்திரனை நோக்கினார். கோடு வழுவழுப்பாக இல்லை. ரம்பப் பல்லைப்போல் கோணலும் மாணலுமாக இருந்தது. அதற்கப்பால், இருட்டுக்குள்ளே, ஒளிப்புள்ளிகள் சில தனித்து மின்னின. நேரமாக ஆக அவை பெரிதாகி, ஒளிபெற்ற பாகத்தோடு சேர்ந்துகொண்டன. அவை மலைச்சிகரங்கள் என்று கலிலியோ தெளிந்தார். விடியற்காலையில் அடிவாரம் இருண்டிருக்கும்போதே சிகரத்தில் வெயில் படுவதை நாமும் கண்டிருக்கிறோம் அல்லவா? புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தைக் கொண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செங்கோண முக்கோணக் கணக்கினால், அம்மலைகள் 4 மைலுக்கு மேற்பட்ட உயரமுள்ளவை என்று கணித்தார். வானத்துப் பொருள்கள் யாவும் மாசுமறுவற்ற பளிங்குருண்டைகள் என்ற பழைய கொள்கைக்கு அந்தப் புள்ளிகளே முதல் அடி கொடுத்தன. 1610-இல் அவர் புத்தகம் வெளிவந்தது.

இனி, அந்தக் கோட்டின்மேல் நாமே போய் நின்றால் என்ன காண்போம்? பூமியில் பகலுக்கும் இரவுக்கும் நடுவே அந்தி என்றொரு சமாதானத் தூதன் இருக்கிறான். சூரியன் மறைந்த பிறகும் காற்று மண்டலம் ஒளியைச் சிதறச் செய்து, நமக்குச் செவ்வானத்தையும், விளக்கேற்ற அவகாசத்தையும் அளிக்கிறது. சந்திரனில் அத்தகைய காற்று இல்லை. ஆகவே அந்தியும் இல்லை. நண்பகலிலும் வானம் கறுப்பே. ஆனால் சூரிய பிம்பம் அடிவானத்தைக் கடப்பதற்கு, பூமியில் இரண்டு மூன்று நிமிஷம் போதுமென்றால், அங்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். ஏனெனில் சந்திரனில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த நாள் நமது கணக்கில் 29 நாள் 12 மணி 44 நிமிஷம். சூரியனின் கடைசி விளிம்பும் மறைந்துவிட்டால், பிறகு சுமார் பதினான்கரை நாள் இரவுதான். மத்தியரேகைப் பிரதேசத்தில் நண்பகலில் 120 டிகிரி சென்டிகிரேடை எட்டும் உஷ்ணம், விடிவதற்குமுன் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 170 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

இவ்வளவு பயங்கரமான இரவு எவ்வளவு மெதுவாக வருகிறது தெரியுமா? பூமியின் மத்தியரேகையில் எல்லைக்கோடு மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சந்திரனின் மத்தியரேகையிலோ மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்தான். சைக்கிளில் போகிறவன் அதைத் தோற்கடித்துவிடலாம். துருவத்தை நெருங்க நெருங்க வேகம் இன்னும் குறையும். தென் அட்சம் 69 டிகிரியில் அது மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர். சற்று வேகமாக நடக்கும் மனிதனின் நடை.

அந்த 69 டிகிரியை நாம் வேண்டுமென்றே குறிப்பிட்டோம். 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு 23-ந் தேதி, நமது நாட்டுச் சந்திரயான்-3, விக்ரம் என்னும் இறங்குகலத்தை அங்கேதான் மெத்தென்று இறக்கியது. காலைப் பொழுதாகப் பார்த்து இறக்கினார்கள். கலம் சூரிய ஒளியால் இயங்குவது, ஒரு சந்திரப் பகல் முழுவதும் அதற்குக் கிடைக்கவேண்டும் என்பதே காரணம். 1969-இல் அமெரிக்கரின் அப்போலோ-11 இறங்கியபோதும் சூரியன் அடிவானத்துக்குமேல் சுமார் 11 டிகிரியில்தான் இருந்தான். நீண்ட நிழல்களால் பள்ளமும் பாறையும் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அந்நேரத்தைத் தேர்ந்தார்கள். உழுத வயலின் பாடந்தான்!

விக்ரமிலிருந்து இறங்கிய பிரக்யான் என்னும் ஆறு சக்கர வண்டி விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் நகரக்கூடியது. பத்து நாளில் 100 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் ஊர்ந்து, மண்ணில் கந்தகம் இருப்பதைக் கண்டு சொல்லிற்று. விக்ரம் தரையில் செலுத்திய உஷ்ணமானி, மேல்மண் 50 டிகிரிக்கும் அதிகமாய்க் கொதிக்கையில், எட்டே சென்டிமீட்டர் ஆழத்தில் உறைபனிக்கும் 10 டிகிரி கீழாக இருப்பதைக் காட்டிற்று. இதற்குள் அஸ்தமனக் கோடு நடந்து வந்துகொண்டிருந்தது. நடையின் வேகந்தான், ஆயினும் பிரக்யானால் அதனிடமிருந்து தப்பியோட முடியாது. செப்டம்பர் 2-ந் தேதி பிரக்யானையும், 4-ந் தேதி விக்ரமையும் உறங்கவைத்தார்கள். அடுத்த சூரியோதயத்தில் விஞ்ஞானிகள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் வரவில்லை.

இதில் தோல்வி ஒன்றும் இல்லை. ஒரு பகலுக்கென்று அனுப்பப்பட்டவை, ஒரு பகல் முழுவதும் உழைத்தன. ஆயினும் அந்தச் செய்தியைப் படித்த அன்று நமது வகுப்பில் ஒரு பெண், "அவற்றுக்கு ஒரு போர்வை கொடுத்தனுப்பக் கூடாதா, ஸார்?" என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள், நமக்குச் சிரிப்பு வரவில்லை. 1970-இல் ருஷ்யர் அனுப்பிய லூனகோத் என்னும் வண்டி, கதிரியக்கப் பொருளின் சூட்டை அடுப்பாகக் கொண்டு, இரவில் மூடியை மூடிக்கொண்டு, மாதக்கணக்கில் உயிர் தரித்தது. அப்பெண் கேட்டது அசட்டுக் கேள்வியன்று. சந்திரனில் இனிச் செய்யவேண்டிய காரியங்களில் பெரியது, அந்த இரவைத் தாண்டுவதே.

நிற்க. பௌர்ணமியில் ஏமாந்த பிள்ளைகளை அடுத்த மாதம் வளர்பிறை அஷ்டமியன்று மறுபடி அழைத்தோம். பதினொருவரே வந்தார்கள். தாம்பாளம் என்று சொன்ன பையனும் வந்தான். வெகுநேரம் குனிந்து பார்த்தான். பிறகு, தலையை எடுக்காமலே, "ஓரமெல்லாம் பள்ளம், ஸார்! ஒரு மலைக்கு உச்சி மட்டும் விடிந்திருக்கிறது" என்றான். நமது கௌரவம் ஒருவாறு மீண்டது.

நேயர்களுக்குப் பெரிய கருவி வேண்டுவதில்லை. பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும். சதுர்த்தியிலிருந்து தசமி வரையில் எந்த மாலையிலும் எல்லைக்கோட்டின் ஓரமாகப் பாருங்கள். குழந்தைகளையும் கூப்பிடுங்கள். வளர்பிறைப் பஞ்சமி, சஷ்டி வாக்கில் அந்தக் கோடு, தெற்கு ஓரத்துக்கு அருகே, விக்ரம் இருக்கும் இடத்தைக் கடக்கிறது. கலம் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அங்கே சூரியன் உதிப்பது தெரியும். விக்ரமின்மேல் இரண்டு அங்குல அகலமுள்ள பிரதிபலிப்புக் கண்ணாடி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. 2023 டிசம்பர் 12-ந் தேதி, சந்திரனைச் சுற்றிவரும் அமெரிக்க விண்கலம் ஒன்று நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து அதை நோக்கி லேசர் ஒளியைச் செலுத்தியது. ஒளி திரும்பி வந்தது.