சலவைக்கடைக்காரர் மகன் பெயரால் ஒரு கலைக்கூடம்

தோழா!

கலை வளர்க்கும் கூடத்துக்குத் தலைவராக இருக்கத் தக்கவர் யார்? பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டிபோல் கோத்து வைத்திருப்பவரா? பணமூட்டையைப் படிக்கட்டிலே இறக்கி வைத்துவிட்டு, பளிங்குக் கல்லிலே தன் பெயரைப் பொறித்துக் கொள்பவரா? அல்லது, எந்த மக்களின் வாழ்வு அந்தக் கூடத்துச் சுவரிலே படமாகத் தொங்குகிறதோ, அந்த மக்களிடையே பிறந்து, அவர்களோடு உழன்று, அவர்களிடமே சென்று, "உங்கள் கதையை எப்படிச் சொல்லலாம்? நீங்களே சொல்லுங்கள்!" என்று கேட்கத் தெரிந்தவரா?

"இதென்ன கேள்வி! பெரிய மனிதர் தலைமை தாங்குவார். ஏழை எளியவர் எட்ட நின்று பார்ப்பார். இதுதானே உலக வழக்கம்!" என்பார்கள் சிலர். உலக வழக்கம் என்று அவர்கள் சொல்வதெல்லாம் தங்கள் வீட்டு வழக்கத்தைத்தான். உலகத்திலே வேறு வழக்கமும் உண்டு. சான்று தருகிறேன், கேள்.

அமெரிக்காவின் வடமேற்குக் கோடியிலே சியாட்டில் என்றொரு துறைமுக நகரம். அங்கே கிங் தெருவிலே, பழைய செங்கல் கட்டடம் ஒன்றிலே இயங்குகிறது விங் லூக் அருங்காட்சியகம். சீனத்திலிருந்தும், ஜப்பானிலிருந்தும், பிலிப்பைன் தீவுகளிலிருந்தும், ஆசியாவின் மற்றப் பகுதிகளிலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்றவர்களின் கலையையும் வரலாற்றையும் காட்டும் இடம் அது. மன்னன் கட்டியதல்ல, மாகோடீசுவரன் அளித்ததல்ல. அது எழுந்த கதையைத்தான் நீ அறிய வேண்டும்.

அந்த ஊரின் பழைய கணக்கை முதலில் பார்ப்போம். 1882ஆம் ஆண்டு, சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் நுழையக் கூடாதென்று சட்டமே போட்டார்கள். 1886ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சியாட்டிலில் ஒரு கும்பல் சீனர்களின் வீடுகளுக்குள் புகுந்தது. மூட்டை முடிச்சுகளைத் தெருவில் எறிந்தது. சுமார் 350 பேரைத் துறைமுகத்துக்கு விரட்டிச் சென்று, "ஏறு கப்பலில்!" என்றது. இருப்புப்பாதை போடவும், சுரங்கம் தோண்டவும் வேண்டியிருந்த சீனன், வேலை முடிந்ததும் வேண்டாதவனாகிவிட்டான்!

அந்தக் கும்பலில் இருந்தவர்கள் யார் தெரியுமா? சொல்லவே நா கூசுகிறது. ஆயினும் சொல்லித்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் வெள்ளைத் தொழிலாளர்கள்! தொழிலாளர் அமைப்பின் பெயராலேயே அந்த வெறி மூட்டப்பட்டது. குறைந்த கூலிக்கு ஆள் பிடித்தவன் முதலாளி, உதைபட்டவனோ கூலிக்காரன். உழைப்பாளியின் கோபத்தை உழைப்பாளியின் மீதே திருப்பிவிடும் அந்தச் சூழ்ச்சி, அன்றைக்கும் வென்றது. அயர்ந்தால் இன்றைக்கும் வெல்லும். இதை மறக்காதே!

விரட்டப்பட்டவர்கள் ஒழிந்தார்களா? இல்லை! 1910ஆம் ஆண்டிலே, அதாவது இருபத்து நான்கே ஆண்டுகளுக்குப் பிறகு, அதே நகரில், 170 சீனக் குடியேறிகள் கூட்டாகப் பணம் போட்டு, காங் யிக் என்ற பெயரிலே கட்டடங்கள் எழுப்பினார்கள். கீழே கடைகள், மேலே, ஊர்விட்டு ஊர் வந்த கூலிக்காரர்கள் ஒண்டிக்கொள்ளச் சின்னஞ்சிறு அறைகள். மீன் அடைக்கும் ஆலைக்கு அலாஸ்கா போகிறவனும், பண்ணைக் கூலியும், உணவு விடுதிப் பணியாளனும் ஒரு கட்டிலும் ஒரு பெட்டியுமாக வாழ்ந்த அறைகள். அந்தக் கட்டடங்களில் ஒன்றுதான் இன்றைய அருங்காட்சியகம்.

சரி, விங் லூக் யார்?

1925ஆம் ஆண்டு, சீனத்திலே காண்டன் நகருக்கு அருகே பிறந்தவர். ஆறு வயதளவில் சியாட்டிலுக்குக் கொண்டு வரப்பட்டவர். தந்தை சலவைக்கடை வைத்திருந்தார். பிறகு மளிகைக் கடை. அழுக்குத் துணியின் ஆவியிலே வளர்ந்த அந்தப் பிள்ளை, இரண்டாம் உலகப் போரிலே அமெரிக்கப் படையில் பணியாற்றிப் பதக்கம் பெற்றார், சட்டம் படித்தார், மாநில அரசின் வழக்கறிஞர் துறையிலே குடிமை உரிமைப் பிரிவில் பணியாற்றினார். 1962ஆம் ஆண்டு நகர மன்றத் தேர்தலில் நின்றார், வென்றார். வாஷிங்டன் மாநிலத்திலே தேர்தலில் வென்று பதவி ஏற்ற முதல் ஆசிய வழியினர் அவரே!

வென்றவர் விருந்துக்கும் விழாவுக்கும் ஓடவில்லை. "கறுப்பனுக்கு வீடில்லை, மஞ்சள் நிறத்தானுக்கு வீடில்லை" என்று கதவடைக்கும் கொடுமையைச் சட்டத்தால் ஒழிக்க முனைந்தார். 1964ஆம் ஆண்டு அந்தச் சட்டம் நகர மக்களின் வாக்குக்கு விடப்பட்டது. இரண்டுக்கு ஒன்று என்பதற்கும் மேலான கணக்கிலே தோற்கடித்தார்கள்! தோல்வியால் அவர் துவளவில்லை. ஆனால் 1965ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், அவர் சென்ற சிறு விமானம் கேஸ்கேடு மலைகளுக்கிடையே மறைந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பது.

மக்கள் பணம் திரட்டித் தேடினார்கள். நாள்கள் போயின, திங்கள்கள் போயின, தடயம் கிட்டவில்லை. சீனர் வாழும் பகுதியிலே பழைய வாழ்வின் சுவடுகள் அழியுமுன் அவற்றைக் காக்க ஓர் இடம் வேண்டும் என்பது அவர் சொல்லி வந்த கருத்து. தேடுதலுக்கென்று திரண்ட நிதியிலே மிஞ்சியதைக் கொண்டு, 1967ஆம் ஆண்டு, ஒரு சின்னக் கடையறையிலே அருங்காட்சியகத்தைத் தொடங்கினார்கள். விமானத்தின் சிதைவு கிடைத்தது 1968ஆம் ஆண்டில். அவர் கேட்ட வீட்டுரிமைச் சட்டம் நிறைவேறியதும் அதே 1968ஆம் ஆண்டில்தான்!

கடையறையிலே பிறந்த கூடம் 1987ஆம் ஆண்டு ஒரு பழைய வண்டிக் கொட்டடிக்கு மாறிற்று. 1991ஆம் ஆண்டு அதற்குத் தலைமைப் பொறுப்பேற்றவர் ரான் சூ. இங்கேதான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது, கவனி.

ரான் சூ அருங்காட்சியகப் படிப்புப் படித்தவரா? இல்லை. வேறோர் அருங்காட்சியகத்தை நடத்திப் பழகியவரா? அதுவும் இல்லை. அவர் பத்திரிகைக்காரர்! ஆசிய மக்கள் வாழும் அந்தப் பகுதியின் சிறு ஏட்டிலே பல ஆண்டுகள் எழுதியவர், ஆசிரியராக இருந்தவர். தந்தை உணவு விடுதியிலே பரிமாறியவர். தாய் தையல் தொழிலாளி. "இவருக்கென்ன தெரியும், கலையைப் பற்றி?" என்று கேட்கலாம் மேதைகள். அவருக்குத் தெரிந்தது ஒன்று: கதவைத் தட்டுவது, உட்கார்ந்து கேட்பது, கேட்டதை மாற்றாமல் எழுதுவது. அந்த ஒன்று போதுமானதாக இருந்தது!

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் பிறப்பித்த 9066ஆம் எண் ஆணையால், சுமார் 1,20,000 ஜப்பானிய வழியினர், அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள், முள்வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். குற்றம்? முகம்! வேறொன்றுமில்லை. சியாட்டில் ஜப்பானியர் பலரும் ஐடஹோ மாநிலத்து மினிடோக்கா முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பலர் அதைப்பற்றித் தம் பிள்ளைகளிடமும் பேசாமல் நெஞ்சுக்குள் புதைத்துக் கொண்டனர். அந்த ஆணைக்கு ஐம்பதாண்டு நிறைந்த 1992ஆம் ஆண்டு, அதைக் கண்காட்சியாக வைக்க முடிவாயிற்று.

எப்படி வைத்தார்கள்? பேராசிரியர் ஒருவரை அழைத்து, "எழுதிக் கொடுங்கள்" என்றா? இல்லை. முகாமிலே கிடந்தவர்களையும், அவர்கள் பிள்ளைகளையும் அழைத்துக் குழு அமைத்தார்கள். எதைச் சொல்வது, எதை முன்னால் வைப்பது, எந்தப் படம், எந்தச் சொல் என்பதையெல்லாம் குழுதான் முடிவு செய்தது. அருங்காட்சியக ஊழியர்கள் அந்த முடிவை நிறைவேற்றும் கைகளாக இருந்தார்கள். ஊமையாயிருந்த ஒரு தலைமுறை வாய் திறந்தது! அன்று தொடங்கி அந்த முறையே அக்கூடத்தின் முறையாயிற்று. அமெரிக்காவின் மற்ற அருங்காட்சியகங்களும் வந்து பார்த்துப் பாடம் கற்றன.

அதே கூடத்திலே, துணி ஆலைகளில் தைத்துத் தைத்து விரல் தேய்ந்த ஆசியப் பெண்களின் கதையும் கண்காட்சியாயிற்று. களைத்த கைகளுக்குப் பேச வாய் இருந்தால் என்பது அதன் தலைப்பு. நினைத்துப் பார், தோழா! தையல் இயந்திரத்தின் முன்னே கூனிக் கிடந்த தாய்க்குக் கலைக்கூடத்திலே இடம்! பொன்முடியும் பூண்மாலையும் வைக்கும் இடத்திலே ஊசியும் நூலும்!

ரான் சூ 2012ஆம் ஆண்டு எழுதிய ஒரு நூலும் நமக்கு நெருக்கமானது. சில்மி டொமிங்கோ, ஜீன் வியர்னஸ் என்ற இரு பிலிப்பைன் வழித் தொழிற்சங்க வீரர்கள், 1981ஆம் ஆண்டு சூன் முதல் நாள், சியாட்டிலில் தம் சங்க அலுவலகத்திலேயே சுடப்பட்டார்கள், அதனால் மாண்டார்கள். மீன் ஆலைத் தொழிலாளிக்கு நேர்மையான முறையிலே வேலை கேட்டவர்கள். பிலிப்பைன் சர்வாதிகாரி மார்க்கோசை எதிர்த்தவர்கள். அந்தக் கொலைக்கு மார்க்கோசும் பொறுப்பு என்று 1989ஆம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றத்திலே தீர்ப்பாயிற்று. அவர்கள் பெயர் மங்காமல் காப்பதும் தம் வேலை என்று கருதினார், ஒரு கலைக்கூடத்தை நடத்தியவர்.

2008ஆம் ஆண்டு, 2 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் நிதி திரட்டி, அந்தக் காங் யிக் கட்டடத்துக்கே அருங்காட்சியகம் குடியேறிற்று. கூலிக்காரன் வாழ்ந்த அறைகளை இடித்துத் தள்ளவில்லை. காட்சிப் பொருளாகவே காத்து வைத்திருக்கிறார்கள். பலசரக்குக் கடை ஒன்றையும் அதன் அலமாரி, சரக்கோடு அப்படியே வைத்திருக்கிறார்கள்.

"உணர்ச்சி இருக்கட்டும், தேர்ச்சி வேண்டாமா?" என்று கேட்பார் உண்டு. வேண்டும், மறுக்கவில்லை. பழைய துணி மக்காமல் காக்கவும், காகிதம் பொடியாகாமல் காக்கவும் தேர்ந்தவர் வேண்டும். ஆனால் மருத்துவருக்கு மருந்து தெரியும்; வலி எங்கே என்று நோயாளிதான் சொல்ல வேண்டும்! தேர்ந்தவர் துணை நிற்கட்டும்; தீர்மானிப்பவர் மக்களாக இருக்கட்டும்.

புகழ்ந்து கொண்டே போனால் அது பொய்ப் புராணமாகிவிடும். 2024ஆம் ஆண்டு மே திங்களில், வெறுப்புக்கு எதிரானது என்று வைக்கப்பட்ட ஒரு கண்காட்சியின் வாசகங்களை ஏற்க முடியாதென்று, அந்த அருங்காட்சியக ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலையை விட்டு வெளிநடப்புச் செய்தார்கள். யூதரை வெறுப்பதையும் சியோனிசத்தை எதிர்ப்பதையும் ஒன்றாகக் கலந்து காட்டுகின்றன அந்த வாசகங்கள் என்பது அவர்கள் குறை. கதவு சில நாள் மூடிக் கிடந்தது. வாசகத்தைப் பற்றிய வழக்கிலே எவர் பக்கம் நின்றாலும், ஒன்று விளங்குகிறது: ஊரையெல்லாம் கேட்டுக் கேட்டு வளர்ந்த வீடு, தன் வீட்டில் உழைப்பவர்களைக் கேட்க ஒருநாள் தவறினாலும், அன்றே சுவரில் விரிசல் காணும். கேட்பது ஒருமுறை செய்து முடிக்கும் சடங்கல்ல. நாள்தோறும் செய்யும் வேலை.

தோழா! அந்தச் சியாட்டில் கூடம் கடையறையிலே தொடங்கியது. நம்முடைய படிப்பகங்களும் அப்படித்தான் தொடங்கின. கீற்றுக் கொட்டகையிலே, ஒற்றை விளக்கிலே, எழுதப் படிக்கத் தெரிந்தவன் ஏட்டை உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றி உட்கார்ந்து கேட்க! இன்று உன் ஊர் மன்றத்துக்குத் தலைவர் யார், செயலாளர் யார் என்று கேட்டால் உடனே சொல்வாய். உன் ஊர் நெசவாளி எப்படி வாழ்ந்தான், பீடி சுற்றிய அக்காள் என்ன கூலி வாங்கினாள், முதல் கொடியை ஏற்றியவன் எந்தக் குடிசையிலே கண் மூடினான் என்று கேட்டால், சொல்வாயா? அந்த மன்றத்திலே அதற்கொரு குறிப்பேடு உண்டா?

இல்லையென்றால், நாளையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு. தெருவின் மூத்த தாயிடம் போ. நாற்காலியில் அல்ல, அவள் திண்ணையிலே உட்கார். "சொல்லுங்கள், அம்மா!" என்று கேள். அப்படிக் கேட்பவன் எவனோ, அவனே தலைவன். மற்றவர்கள் வெறும் பெயர்ப் பலகை!