ஒத்த பல்புதானே!

"மின்கசிவு" என்று ஒரு வசதியான சொல் தமிழில் இருக்கிறது. குடிசை எரிந்ததா? மின்கசிவு. கடை எரிந்ததா? மின்கசிவு. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தபோதும் ஊருக்குள் முதலில் அடிபட்ட சொல் அதுதான். ஏதோ மின்சாரம் தானாகவே முடிவெடுத்து, ஒயரை விட்டு இறங்கி வந்து கசிந்துவிட்ட மாதிரி! தண்ணீர்க் குழாய் கசிந்தால் "எவன்யா இதை மாட்டினது?" என்று கேட்கும் ஊர், மின்சாரம் கசிந்தால் மட்டும் விதி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது.

கசிவதற்கு ஒரு ஓட்டை வேண்டும். அந்த ஓட்டையை யாரோ ஒருவர் தன் கையாலேயே போட்டிருப்பார். அதுதான் விஷயம்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் காளான் கொட்டகை. மதுரையைச் சுற்றி, ஒத்தக்கடை, மேலூர், திருமங்கலம் பக்கமெல்லாம் வீட்டை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை போட்டு சிப்பிக்காளான் வளர்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் நிறைய. ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரியே இருக்கிறது. மதுரையின் பெயரைத் தாங்கி எம்.டி.யு.-1 என்று ஒரு சிப்பிக்காளான் ரகமே உண்டு. நல்ல தொழில், குறைந்த இடம், சீக்கிரம் காசு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்தக் கொட்டகைக்குள் தலையை நீட்டிப் பாருங்கள். காளானுக்குக் காற்றில் 80 முதல் 85 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். மதுரை வெயிலில் அது சும்மா வருமா? தரையில் மணலைக் கொட்டி நனைக்கிறார்கள். சுற்றிலும் ஈரச் சாக்கைத் தொங்கவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு ரெண்டு மூன்று தடவை தண்ணீர் தெளிக்கிறார்கள். செருப்பில்லாத கால், ஈரக் கை. அதாவது அது அறையே இல்லை, பெரிய சைஸ் பாத்ரூம்.

அந்த பாத்ரூமுக்குள் கரண்ட் எப்படி வருகிறது? வீட்டுக்குள் இருக்கும் பிளக் பாயிண்டிலிருந்து முறுக்கு ஒயர் ஒன்று ஜன்னல் வழியாக வெளியேறி, நடுவில் ரெண்டு இடத்தில் டேப் சுற்றிய ஜாயிண்ட்டோடு, உறி கட்டிய ஜி.ஐ. கம்பியிலேயே சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறது. முனையில் ஒரு ஹோல்டர் தொங்குகிறது. பிளக்கை மாட்ட நேரமில்லாதவர்கள் ஒயர் முனையைச் சீவி, துளையில் சொருகி, தீக்குச்சியால் இறுக்கிவிடுகிறார்கள். கேட்டால் வரும் பதில், "ஒத்த பல்புதானண்ணே, இதுக்குப் போயி..."

ஒத்த பல்பு எரிய என்ன வோல்டேஜ்? 230. பத்து பல்பு எரிய? அதே 230தான். பல்பு சின்னது என்பதால் வோல்டேஜ் சின்னதாகி விடாது.

"பீஸ் போயிரும்ல?" இது அடுத்த நம்பிக்கை. பத்தாம் வகுப்பு ஓம் விதியைக் கொஞ்சம் தூசி தட்டலாம். நனைந்த உடம்பின் மின்தடையைச் சுமாராக 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230ஐ 1000ஆல் வகுக்க 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே இதயத்துக்கு ஆபத்து. ஆனால் 5 ஆம்பியர் பீஸ் போக வேண்டுமானால் 5000 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஆள் விழுந்து கிடப்பார், பல்பு எரிந்துகொண்டிருக்கும், பீஸ் அப்படியே இருக்கும். பீஸ் கட்டையும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பாற்ற வந்தவை. ஆளைக் காப்பாற்ற வந்தது ஆர்.சி.சி.பி. போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் லைனை வெட்டிவிடும். (ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அதற்கும் தெரியாது. அது கடவுள் இல்லை.)

இனி மூணாவது பின். பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளம், ஏன் தடிமன்? சொருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டும். தடிமனாக இருப்பதால் பேஸ் துளைக்குள் தவறியும் நுழையாது. எவ்வளவு யோசித்துச் செய்த விஷயம்! அதை உடைத்துவிட்டு ரெண்டு பின் பாயிண்டில் சொருகுவது சாமர்த்தியமாம். எர்த் துளைக்குள் குச்சியை விட்டுக் கதவைத் திறந்து ரெண்டு பின்னைத் திணிப்பது இன்னும் பெரிய சாமர்த்தியமாம்.

"பிளாஸ்டிக் பல்புக்கு எர்த் எதுக்கு?" நியாயமான கேள்வி. பல்புக்கு வேண்டாம்தான். ஆனால் அதே லைனில்தான் நாளைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வரும், தண்ணீர் தெளிக்கும் மோட்டார் வரும், இரும்பு ஸ்டாண்ட் வரும். அன்றைக்கு யாரும் புதிதாக ஒயர் இழுக்கப் போவதில்லை.

நகரத்துக்காரர்கள் சிரிக்க வேண்டாம். ஆன்லைனில் குரோ லைட் வாங்கி, பெட்ரூம் அலமாரியில் கீரை வளர்க்கும் அபார்ட்மெண்ட் ஆட்களும் இதே கூட்டம்தான். திருகு ஹோல்டரில் நடுப்புள்ளிக்குத்தான் பேஸ் வர வேண்டும், சுற்றியுள்ள மரைக்கு நியூட்ரல். ரெண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் மரையில் பேஸ் வந்து உட்காரும். பல்பைக் கழற்றுகிற விரல் நேராக அங்கேதான் போகும்.

செய்ய வேண்டியது பெரிய ராக்கெட் வேலை இல்லை. லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிட்டு, மூன்று கோர் கேபிளை ஜாயிண்ட் இல்லாமல் பி.வி.சி. பைப்புக்குள் இழுக்கச் சொல்ல வேண்டும். சுவிட்ச்சும் பிளக் பாயிண்ட்டும் கொட்டகைக்கு வெளியே, தண்ணீர் தெறிக்காத உயரத்தில். சுவிட்ச் பேஸில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் போட்டால் பல்பு அணைந்திருக்கும், ஹோல்டரில் உயிர் இருக்கும். உள்ளே தொங்கும் ஹோல்டருக்குப் பதில் தண்ணீர் புகாத மூடி போட்ட லைட். பிளக்குக்குள் எர்த் ஒயரை மற்ற ரெண்டையும் விடக் கொஞ்சம் நீளமாக விட்டால், யாராவது இழுத்தாலும் அது கடைசியாகத்தான் பிடுங்கும். கேபிள் பாயிண்டுக்குள் போவதற்கு முன் ஒரு தொய்வு விட்டால், வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. டவுன்ஹால் ரோடு எலக்ட்ரிக் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

காசு இல்லை என்பது பொய். கீற்றுக்குக் காசு இருக்கிறது, விதைக்கு இருக்கிறது, திறப்பு விழா பேனருக்கும் இருக்கிறது. இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021, 2022 அறிக்கைகள் சொல்கின்றன. இத்தனை பேரும் ஆலையிலா இறந்தார்கள்? பலருக்கு அதுவும் ஒத்த பல்பாகவோ ஒத்த மோட்டாராகவோதான் இருந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. வீட்டுப் பின்னால் கரியும் உப்பும் போட்டு எர்த் குழி தோண்டியிருப்பார்கள். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்துவிட்டால் எர்த் பிடிக்காது. அதற்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். காளானுக்கு நாளுக்கு மூன்று தடவை தெளிக்கிற கை, அந்தக் குழிக்கு வருஷத்தில் ஒரு குடம்கூட ஊற்றுவதில்லை.

இன்றைக்கே ஒரு குடம் ஊற்றலாம். அப்படியே ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனையும் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்க்கலாம். டப்பென்று விழுந்தால் நிம்மதி. விழவில்லை என்றாலோ, அப்படி ஒரு பட்டனே வீட்டில் இல்லை என்றாலோ, நாளைக் காலையில் முதல் வேலை அதுதான். காளான் ஒருநாள் காத்திருக்கும்.