ஒரு பருக்கை போதுமா?

பானைச் சோற்றைப் பதம் பார்க்க ஒரு பருக்கை போதும் என்பார்கள் நம் பாட்டிமார். நெல் விளையும் தஞ்சைத் தரணியில் பிறந்த நாம் அதை மறுக்க மாட்டோம். ஆனால் கணினியில் நிரப்பும் ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பதம் பார்க்க அது போதுமா? போதாது என்பதே என் கருத்து.

பட்டா மாற்றம், சான்றிதழ், தேர்வு விண்ணப்பம் எனப் பல காரியங்கள் இன்று இணையதளம் வழியே நடைபெறுகின்றன. அத்தளங்களைச் சோதிக்கவும் மென்பொருள்கள் வந்துவிட்டன. 2004இல் அமெரிக்காவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம் அவற்றுள் புகழ்பெற்றது. அது மனிதரைப் போலவே உலாவியைத் திறக்கும்; பொத்தானை அழுத்தும்; கட்டங்களை நிரப்பும்.

நிரப்புவதற்கு இரு வழிகள் உண்டு. முழுச் சொல்லையும் ஒரேயடியாகக் கட்டத்தில் வைத்துவிடுவது ஒன்று. ஒவ்வொரு விசையாக அழுத்தி விடுவது மற்றொன்று. முதல் வழி விரைவானது. ஆனால் விசையைத் தட்டத் தட்டத் தளம் செய்ய வேண்டிய வேலைகள் அதில் சோதிக்கப்படாமலே போகலாம்.

தமிழில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை உருவானது. அதில் ‘தஞ்சாவூர்’ என்று தட்டிப் பாருங்கள்: த, ஞ, ச, ஆ, வ, ஊ, ர, புள்ளி. மொத்தம் 8 விசைகள். ‘ஞ’வை அடுத்துச் ‘ச’ வந்தால் இடையில் புள்ளி தானே விழும். நாம் படிப்பதோ 5 எழுத்துகள். யூனிகோடு முறையில் கணினி சேமிப்பதோ 9 குறியீடுகள். ஓர் ஊர்ப்பெயருக்கு மூன்று கணக்குகள்! அந்த 9 குறியீடுகளையும் நேரே கட்டத்தில் போட்டுச் சோதித்தால், 8 விசைகள் செல்லும் பாதை சீராக இருக்கிறதா என்பதை யார் அறிவார்?

இதில் இழப்பு யாருக்கு? தாய்மொழியில் தம் பெயரை எழுத முனையும் விவசாயிக்குத்தான். எழுத்து சிதைந்தால், “எனக்குக் கணினி தெரியவில்லை” என்று தம்மையே நொந்துகொண்டு அவர் திரும்புவார். குற்றம் அவருடையதா?

விசை விசையாக அழுத்தினால் நேரம் வீணாகும் என்பர் சிலர். எல்லாக் கட்டங்களுக்கும் வேண்டாம். பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றுக்காவது செய்யலாமே! அதன்பின் தமிழில் தட்டத் தெரிந்த ஒருவரையும் அமர்த்திப் பார்க்கட்டும்.

தோழியரே, நம்மில் பலர் நாளை கணினித் துறைக்குச் செல்வோம். அன்று நாம் சோதிக்கும் படிவம், கடைமடைக் கிராமத்து அம்மாவின் விரல்களுக்கும் இணங்குகிறதா என்று பார்த்த பிறகே ‘சரி’ என்று எழுதுவோம்.